மதினியைப் பெயர் சொல்லி அழைக்காத நாட்கள்

அப்பாவின் உடலை எடுப்பதற்கு முன் அம்மா அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அவருடைய இடது குதிகாலில் ஒரு பொட்டு வைத்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுத் தேயிலை மலைக்கு ஏறி வந்த எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். செத்தவர் அதே வீட்டில் திரும்பிப் பிறந்தால் பிள்ளையின் காலில் அந்தக் கறுப்பு இருக்கும் என்பார்கள். வெளியே மழை. தேயிலைத் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் குடையை மடக்காமல் வாசலில் நின்றார்கள். அம்மா அழவில்லை. பச்சைப்பிள்ளைக்கு மை தீட்டுகிற கவனத்தோடு அந்தப் பொட்டை வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அம்மா சோறு தின்பதை விட்டுவிட்டாள். காலையில் பால் ஊற்றாத கட்டன்காப்பி, சாயங்காலம் கட்டன்காப்பி, நடுவில் சந்தனமேரி அக்கா வற்புறுத்திக் கொடுக்கும் மரவள்ளி, எங்கள் பக்கத்துக் கப்பைக்கிழங்கு. கொழுந்து கிள்ள மட்டும் போனாள். கூடையோடு நிற்கும்போது காற்றில் ஆடினாள்.

சந்தனமேரி அக்கா அடுத்த வீட்டுக்காரி. எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுதான் லயம். அதில் அடுத்த வீடு என்றால் அடுத்த அறை என்று அர்த்தம். ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் யாராவது இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீர் வரும்.

அம்மா திரும்பவும் சோறு தின்றது என் மதினி வாந்தி எடுத்த அன்றைக்கு.

மதினி பெயர் மோனிஷா. அண்ணன் சதீஷ் போடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அவர்களுக்கு ஆதிரா என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடை பழகியிருந்தது. அன்று காலை மதினி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஓரமாகக் குனிந்தாள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். வழக்கமாக அம்மா அவளை, "ஏட்டி, குழாயடியிலயா வாந்தி எடுப்ப, நாலு பேரு குடிக்கிற தண்ணி" என்றுதான் சொல்லியிருப்பாள். அன்று இறங்கிப் போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். உள்ளே கூட்டி வந்து அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்பா போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"எப்பக் குளிச்ச?" என்று கேட்டாள்.

அம்மா தானே விரல் மடக்கி நாள் கணக்குப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அப்பாவின் சில்வர் தம்ளரை எடுத்தாள். 'சு. சுடலை' என்று பெயர் வெட்டிய தம்ளர். அதில் காப்பி ஊற்றி மதினியின் கையில் கொடுத்தாள்.

"குடிங்க" என்றாள்.

மதினி என்னைப் பார்த்தாள். அம்மா மருமகளை 'ங்க' போட்டுப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"அத்தை, என்னைய ஏன் வாங்க போங்கன்னு..."

"ஒன்னைய யாரு சொன்னா?" என்றாள் அம்மா. "அவுக வந்துட்டாக. அவுககிட்டச் சொன்னேன்."

அம்மா அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அப்பா எப்போதும் 'அவுக'. அன்று மத்தியானம் அம்மா தட்டு நிறையச் சோறு போட்டு, புளிக்குழம்பு ஊற்றி, பிசைந்து பிசைந்து தின்றாள். அதைப் பார்த்து நான் அடுப்படியில் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அதை மறைக்க முடியாது.

*

மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக்கூடாது என்பது அம்மா வைத்திருந்த சட்டம். ஆதிரா வயிற்றில் இருந்தபோது அப்படித்தான் வாய் பொத்தினாள். அப்போது வயிற்றில் இருந்ததை யாரும் இன்னார் என்று சொல்லவில்லை. 'மோனிஷா முழுகாம இருக்கா' என்று அவளைத்தான் சொன்னார்கள். இந்தத் தடவை அவளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அம்மா அவளுடைய வயிற்றைப் பார்த்துப் பேசினாள். "அவுகளுக்கு மீன் புடிக்கும்லா, நெத்திலி வாங்கிட்டு வாலே" என்று அண்ணனை அனுப்பினாள். "அவுகளுக்குக் குளிரும்" என்று அப்பாவின் கம்பளியை எடுத்து மதினிக்குப் போர்த்தினாள். மதினி நெத்திலி வாடைக்கே குமட்டுவாள்.

அண்ணனுக்கு டவுனில் ஜீப் ஓட்டுகிற வேலை. சுற்றுலா வருபவர்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்தால் வாசல்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான். அப்பா இருந்தவரை லயத்துக்குப் பின்னால் போய்த்தான் பிடிப்பான். இப்போது மறுபடியும் பின்னால் போக ஆரம்பித்தான். மதினி எதிரே வந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பாயை எடுத்து அடுப்படியில் போட்டுக்கொண்டான்.

மதினி ஒருநாள் துணி அலசிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "ஒங்கண்ணன் என்னைய அவரு அப்பாவாப் பாக்குறாரு பேச்சி. என் பக்கத்துல படுக்க வெக்கமா இருக்காம். எனக்கு இப்பப் புருஷனும் இல்ல."

சிரிக்கத்தான் சொன்னாள். சிரிக்க முடியவில்லை.

என் முழுப்பெயர் முத்துப்பேச்சி. "பேருல மட்டும்தான் பேச்சு" என்று லயத்தில் கேலி செய்வார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தானோ என்னவோ எல்லோரும் என்னிடம் எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று மதினி சேலையைப் பிழிந்து வைத்துவிட்டு, "எனக்கு இது வேணாம்" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

"என்னால ஆகாது பேச்சி. ஒனக்குத் தெரியும்ல."

எனக்குத் தெரியும். ஆதிரா பிறந்த பிறகு மதினி பல மாதம் பேசவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பால் கொடுக்கத் தூக்கிக் கொடுத்தால் கொடுப்பாள், எடுத்துக்கொண்டால் விட்டுவிடுவாள். காத்து அடித்துவிட்டது என்று அம்மா குறி சொல்கிற கோடாங்கியிடம் கயிறு வாங்கிக் கட்டினாள். திருஷ்டி என்றார்கள், திமிர் என்றும் சொன்னார்கள். ஒருநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தொட்டி விளிம்பில் நின்றவளின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். இருவரும் கீழே இறங்கி வந்தோம். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"அன்னைக்கு எதுக்குப் போனேன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் மதினி. "நீ வரலைன்னா போயிருப்பேன். இன்னொரு தடவை அந்த இடத்துக்குப் போனா திரும்பி வர மாட்டேன். ஆசுபத்திரியில போயிக் கேக்கணும். நீ மலையாளம் பேசுவ. கூட வா."

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, அப்பாவை நினைத்துக்கொண்டேன். என் கையால் அப்பாவைத் திருப்பி அனுப்பப் போகிறேனா என்று நினைத்தேன். அப்படி நினைத்தது முட்டாள்தனம் என்று தெரிந்தும் நினைத்தேன். அம்மா இரண்டு மூன்று வாரமாகப் பேசிப் பேசி அந்த வயிற்றுக்குள் அப்பாவின் இருமல், அப்பாவின் நெத்திலி, அப்பாவின் கம்பளி எல்லாவற்றையும் வைத்துவிட்டிருந்தாள்.

*

மதினி அண்ணனிடம் சொன்னாள். பலகைச் சுவர் வீட்டில் அது எல்லோரிடமும் சொன்னதுபோல்தான்.

"எங்கப்பாவக் கொல்லணும்ங்கிறியா?" என்றான் அண்ணன்.

"ஒங்கப்பாவா?" என்றாள் மதினி. "அப்ப இது எப்படி வந்துச்சு? ஒங்கப்பாவ நீங்களா உண்டாக்குனீங்க?"

அண்ணன் கதவை அடைத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த வீட்டில் சந்தனமேரி அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் விறகு பொறுக்க அக்காவோடு போனேன். நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்துப் போட்டிருந்த சரிவில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். எங்கள் வீட்டுக் கதையை அவள் முதலில் கேலியாகத்தான் தொடங்கினாள்.

"எங்க வேதக்கார ஆளுக செத்தா மோட்சத்துக்குப் போயிருதாக. ஒங்க ஆளுக லயத்துக்கே திரும்பி வந்துருதாக. அவ்வளவு பிடிச்சிருக்கு போல இந்த எஸ்டேட்டு!"

நான் சிரிக்காததைப் பார்த்து விறகைக் கீழே போட்டாள்.

"அந்தப் பிள்ள என்ன செய்யப்போகுது?"

"வேண்டாம்ங்கிறாங்க."

அக்கா கீழே கிடந்த சுள்ளிகளைக் கூட்டி அடுக்கினாள். பிறகு, "ஒங்கம்மாவும் ஒருதரம் வேண்டாம்னுட்டா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒனக்குப் பின்னால. நான்தான் போடிக்குக் கூடப் போனேன். ஒங்கப்பாவும் வந்தாரு. 'வயித்தச் சுத்தம் பண்ணிட்டு வந்தோம்'னு சொல்லுவோம். சட்டி கழுவுத மாதிரி. இந்த லயத்துல முக்காவாசிப் பேரு அப்படிப் போயிட்டு வந்தவதான். வர்ற வழியில ஒங்கம்மாவால நடக்க முடியல. ஒங்கப்பா பஸ்ஸ விட்டு எறங்குன எடத்துல இருந்து முதுகுல தூக்கிட்டு வந்தாரு. கேட்டவன்கிட்டயெல்லாம் 'அவளுக்குக் கால் சுளுக்கிருச்சு'ன்னாரு."

"அம்மா அழுதாளா?"

"அழுகவா? வந்த மறுநாளு கொழுந்துக்குப் போயிட்டா. நானும் அப்படிப் போயிருக்கேன் பேச்சி. அப்ப எங்க கோயில் சாமியாரு அதப் பத்தி ஒண்ணும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல. இப்ப வந்திருக்கவரு அதக் கொலைன்னு பிரசங்கம் பண்ணுதாரு. அந்த வார்த்தை காதுல விழுந்த பொறவுதான் எனக்குத் தூக்கம் போச்சு. அன்னைக்குச் செஞ்சப்பப் போகல. இத்தன வருசம் கழிச்சு, பேரன் எடுத்த பொறவு, ஒரு வார்த்தையால நான் கொலைகாரியாயிட்டேன். என்ன அநியாயம் பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறகுக்கட்டைத் தலையில் ஏற்றச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். "ஒங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராத" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் சட்டத்தைத் தானே உடைத்தாள். லயத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் முன்னறையில் ஆறேழு பேருக்கு மேல் உட்கார முடியாது. மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். மதினியை அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளியைப் போர்த்தி, கையில் தம்ளரைக் கொடுத்திருந்தாள். அண்ணன் வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

வந்தவர்கள் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "சுடலையண்ணே, ஒங்க வீட்டம்மா சோறு திங்காம எங்கள என்ன பாடு படுத்திட்டா தெரியுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "இந்தத் தடவையாவது பீடியக் கொறைச்சுக்கிடுங்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அப்பாவைப் பிடிக்கும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மதினி மட்டும் நாற்காலியில் ஒரு பொருளைப் போல் இருந்தாள். அவள் இருக்கிறாளா என்று யாரும் பார்க்கவில்லை.

அம்மா எதற்காக இதைச் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேர் கும்பிட்டு, இத்தனை பேர் பொங்கல் தின்றுவிட்டுப் போன பிறகு மதினி எப்படி ஆசுபத்திரிக்குப் போவாள்? போய்விட்டு எப்படி இந்தக் குழாயடிக்கு வருவாள்?

"ஏட்டி பேச்சி, இங்க வா" என்றாள் அம்மா.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவுகளுக்கு ஒம்மேலதான் உசுரு. ஒங்கிட்டதான் பேசுவாக. காத வச்சுக் கேளு. என்ன சொல்லுதாகன்னு இவங்களுக்குச் சொல்லு." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இவ வாயில வார்த்தையே வராது. வந்தாப் பொய் வராது" என்றாள்.

அது உண்மைதான். லயத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அப்பா' என்று சொன்னால் போதும். மதினி பிறகு எங்கேயும் போக முடியாது.

நான் மண்டியிட்டு மதினியின் வயிற்றில் காதை வைத்தேன். கம்பளியில் இன்னும் அப்பாவின் பீடி வாடை இருந்தது. கண்ணை மூடினேன். கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு இருமல், 'என்ன பாப்பா' என்று அவர் தாழ்ந்த குரலில் கூப்பிடுவாரே அது, எது கேட்டாலும் சரி என்று இருந்தது. சாமி சத்தியமாக ஆசைப்பட்டேன். வாசலில் ஆதிரா யாரிடமோ பொங்கல் கேட்டாள்.

பிறகு கேட்டது. நீளமாக ஒரு உறுமல். நடுவில் நின்று, மறுபடியும் உருண்டது.

நான் கண்ணைத் திறந்தேன். மதினி மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி விளிம்பில் பார்த்த அதே முகம்.

"என்னட்டி சொல்லுதாக?" என்றாள் அம்மா.

"பசிக்குது" என்றேன்.

"பாத்தியா! அவுகளுக்குப் பசிக்குதாம். பொங்கல் கொண்டாங்க..."

"அப்பாவுக்கு இல்லம்மா." என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. "மதினிக்கு. காலையில இருந்து மதினி ஒண்ணும் சாப்பிடல. நெத்திலி வாடைக்கு எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டாங்க. வயிறு உறுமுது. அதான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

நான் எழுந்து மதினியின் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா இங்க இல்லம்மா. மதினிதான் இருக்காங்க."

அம்மா என்னை அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. சந்தனமேரி அக்காதான் முதலில் எழுந்தாள். "வாங்கடி, வாங்க. வயித்துக்குப் பசிக்குதாம். சோத்தப் போடட்டும். நம்ம போவோம்" என்று பெண்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கதவை அவளே சாத்தினாள்.

அறையில் நாங்கள் மூன்று பேர். மதினி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். கம்பளியை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"பெத்த தகப்பனக் கொல்லத் துணை போறியா?" என்றாள் அம்மா என்னிடம். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ போடிக்குப் போனப்ப அப்பா என்ன சொல்லித் தூக்கிட்டு வந்தாரு?"

அம்மா திரும்பினாள். பலகைச் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

"கால் சுளுக்குன்னாரு" என்றேன். "கொலைன்னு சொல்லல."

"அது வேற."

"என்னம்மா வேற?"

அம்மா தரையில் உட்கார்ந்தாள். உண்மையாகவே யோசித்தாள். பதில் தேடுகிறவள் போலத் தரையில் கையால் தடவினாள். கடைசியில், "அதுக்கு நாங்க பேரு வைக்கலையேட்டி" என்றாள்.

"நானும் வைக்கல அத்தை" என்றாள் மதினி. அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கதான் வச்சீக."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது. மதினி பக்கத்தில் போக எழுந்தாள், பிறகு போகாமல் நின்றாள். நான் தட்டில் பொங்கல் போட்டு மதினிக்குக் கொடுத்தேன். அவள் நின்றபடியே அதைத் தின்றாள். பசி.

*

அம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆதிராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். யார் சொல்லி வந்தான் என்று எனக்குத் தெரியாது. வழியெல்லாம் மூடுபனி. அவன் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினான். ஆசுபத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு வண்டியிலேயே இருந்துகொண்டான்.

உள்ளே நீலச் சேலை கட்டிய நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள். "குஞ்ஞினைக் களயான் வந்நதாணோ?"

மதினிக்கு மலையாளம் அரைகுறை. "என்னா கேக்குறாக?" என்றாள்.

குழந்தையைத் தூக்கி எறிய வந்தீர்களா என்றுதான் நர்ஸ் கேட்டிருந்தாள். அவளுக்கு அது தினசரிப் பேச்சு, வேறு மாதிரி கேட்கத் தெரியாதோ என்னவோ. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உண்டானது வேணுமா வேணாமான்னு கேக்காங்க மதினி" என்றேன்.

"வேணாம்" என்றாள் மதினி.

நர்ஸ் அடுத்து, புருஷன் எங்கே, அவருடைய ஒப்பு, அதாவது கையெழுத்து, வேண்டுமே என்றாள். மதினி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் ஜீப் ஓட்டி வந்தான் என்பதற்காகக் கையெழுத்துப் போடுவான் என்று சொல்ல முடியாது. 'எங்கப்பாவை' என்று அவன் ஒருதடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பேனா நகராது. என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே வயிறு தள்ளிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சிரிக்கிற குழந்தையின் படம். மதினி அந்தப் படத்தைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்தாள்.

டாக்டரும் ஒரு பெண்தான், வயதானவள். எங்களை உள்ளே கூப்பிட்டபோது கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். தமிழ் கலந்து பேசினாள். ஸ்கேன் பார்த்தாள். அதைக் குழந்தை என்றும் சொல்லவில்லை, கட்டி என்றும் சொல்லவில்லை. "எட்டு ஆழ்ச்ச கர்ப்பம்" என்றாள். எட்டு வாரம். பிறகு மதினியைப் பார்த்துக் கேட்டாள்.

"பேரென்ன?"

"மோனிஷா."

"மோனிஷா, இது ஒங்க தீருமானமா? ஆராவது நிர்பந்திச்சாங்களா?"

மதினி நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். அவளை யாராவது இப்படி நேராகப் பார்த்துக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. தொட்டிக்குப் போனதைச் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டு வந்ததையும் சொன்னாள். முதல் தடவையாக அது வார்த்தையாக வெளியே வந்தது. நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, பர்த்தாவின் ஒப்பு தேவையில்லை, பதினெட்டு கழிஞ்ச ஸ்திரீ, மோனிஷாவுடைய ஒப்பே மதி, அது போதும் என்று சொன்னாள். நர்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள்.

மதினி கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். இரண்டு நாள் கழித்து அடுத்த மாத்திரைக்கு வந்து படுத்திருக்க வேண்டும் என்றார்கள். வந்தோம். அந்த நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வலி இருந்தது, ரத்தம் இருந்தது, மதினி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் கன்றிப்போயிருந்தது. சாயங்காலம் எல்லாம் முடிந்தது என்றார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் அந்தக் கரிப்பொட்டை நினைத்தேன். பிறகு மதினிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது அண்ணன் வளைவில் ஜீப்பை நிறுத்தினான். சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தான். மதினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் மறைக்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்ததும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"புகை ஆகலையா?" என்றான்.

"ஆகல."

அணைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அவன் கண் சிவந்திருந்தது. அது புகையாலா என்று தெரியவில்லை. அவன் மனதில் இப்போது அது என்ன வார்த்தையாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

*

லயத்துக்கு என்ன சொல்வது என்பதை அம்மாவே முடிவு செய்தாள். "கலஞ்சு போச்சு" என்றாள். தானாகவே கலைந்துபோனதுபோல. பெண்கள் வந்தார்கள். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். "கவலப்படாத, அடுத்தது தங்கும்" என்றார்கள். சுடலையண்ணனுக்கு இன்னும் வர நேரமில்லை என்றாள் ஒருத்தி. சந்தனமேரி அக்கா ஒன்றும் சொல்லாமல் ரசம் வைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மதினியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு மதினி என்னிடம், "பொய்யச் சொன்னா எல்லாரும் கையப் புடிக்கிறாக" என்றாள். "உண்மையச் சொன்னா இந்தக் குழாயில தண்ணி கெடைக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா மதினியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாளா என்றும் தெரியவில்லை. 'கால் சுளுக்கிருச்சு' என்று சொன்னபோது அப்பா யாரைக் காப்பாற்றினார்?

அம்மா மறுபடியும் சோற்றை விட்டுவிட்டாள். அப்பாவின் தம்ளரைக் கழுவி, காப்பி ஊற்றி, அவர் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். என்னிடம் பேசவில்லை. மதினியிடமும் பேசவில்லை. நாலைந்து நாள் வீட்டில் ஆதிராவின் குரல் மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை குழாய் திறக்கிற நேரம். மதினி வாசலில் ஆதிராவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி மோனிஷா, தண்ணி நின்னுரப் போகுது. கொடத்த எடுக்கியா இல்லையா?"

மதினியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நான் அரிவாளைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தேன்.

"பேச்சி" என்றாள் மதினி. "ஒங்கம்மா என்னா சொன்னாக?"

"தண்ணி பிடிக்கச் சொன்னா."

"அது இல்ல. என்னைய என்னான்னு கூப்பிட்டாக?"

"மோனிஷான்னு."

"ஏட்டின்னுமா?"

"ஏட்டின்னும்தான்."

மதினி ஆதிராவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்க்க நின்றேன். தெரியவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன்.

நான் குடத்தோடு இறங்கிப் போனபோது தண்ணீர் நின்றுவிட்டிருந்தது.